"மொதல்ல நீங்க குடிங்க"

அவையை அழகு செய்யும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, அன்பால் எங்களை ஆளும் தாய்மார்களே, இடமின்றி வாசல்வரை நிற்கும் தோழர்களே, உங்களை வணங்கித் தொடங்குகிறேன்.

உலகம் அழியுமென்று சொல்லி ஊரை அழித்த ஒருவரின் வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் நான். தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே கோபமின்றிப் பேசுகிறேன்.

யார் அவர்? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்ணைப் பார்த்தே கவலையைச் சொல்வார். கனிவாய்ப் பேசியே கண்ணீர் துடைப்பார். துணை இழந்தவளுக்கு அண்ணன் ஆனார்; வேலை இழந்தவனுக்குத் தந்தை ஆனார். பிறகு அவர்களுக்கெல்லாம் தலைவராகி, நாளும் குறித்துச் சொன்னார்: "வானம் எரியும், என்னோடு இருப்பவர்களே தப்புவார்கள்." மூடிக்கிடந்த குளிர்பதனக் கிடங்கில் குடும்பங்கள் குடியேறின. வாசலில் துப்பாக்கி நின்றது. வீடு திரும்ப நினைத்த லாரி ஓட்டுநர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதற்கும் கைதட்டினார்கள், ஐயா!

என்ன கேட்கிறீர்கள்? பைத்தியமா என்றா? இல்லை, மருத்துவர்கள் சோதித்துவிட்டார்கள். தெளிவாகவே இருந்தார்.

அந்த நாளும் வந்தது. வானம் எரிந்ததா? வெயில்கூடச் சுமார்தான். "அப்படியென்றால் நாமே புறப்படுவோம்" என்று கோப்பைகளில் நஞ்சை ஊற்றச் சொன்னார். முன்வரிசை குடித்தது. அதில் ஒரு தையற்கார அம்மாவின் மாமியாரும் இருந்தார். அவர் சரிந்ததும் மருமகள் எழுந்தார்.

"மொதல்ல நீங்க குடிங்கண்ணே. அப்புறம் நாங்க குடிக்கிறோம்."

"எல்லாரையும் அனுப்பிட்டுத்தாம்மா நான் வரணும்."

"அப்ப உங்களுக்கு மட்டும் உலகம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கா?"

"சுடு அவளை!" என்றார் அந்தக் கண்ணாடிக்கடைத் தலைவர். துப்பாக்கியோடு நின்றவர் யார்? அந்த அம்மாவின் கணவர்! தரையில் தாய், எதிரில் தாரம், முதுகுக்குப் பின்னால் தலைவர். வீரவசனமா பேசினார்? துப்பாக்கியைக் கீழே வைத்தார். "என்னால முடியாதுண்ணே. எங்கம்மாவத் தூக்கணும்."

கோப்பைகள் கவிழ்ந்தன. கூட்டம் கதவை உடைத்தது. ஆனால் அந்தத் தாய் பிழைக்கவில்லை.

தலைவரைப் பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். பையில் மாற்றுத்துணி, இருமல் மருந்து, சவரக்கத்தி. நாளைக்கு முகம் மழிக்க நினைத்தவர்தான், நாளையே இல்லை என்றார்!

ஓட்டுநரை அடித்த கைகளில் அந்தக் கணவரின் கையும் ஒன்று. அதையும் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொன்னவர் அவர் மனைவியே. "அன்னிக்குப் பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயந்தான் சார். ஆனா அத்தனை பேரும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தாங்களே, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு."

ஆகவே கேள்வி கேளுங்கள்! அன்பாய்ப் பேசுகிறவரையும் கேளுங்கள். அழுதுகொண்டே பேசுகிறவரையும் கேளுங்கள். இந்த மேடையில் நிற்கும் என்னையும் எழுந்து நின்று கேளுங்கள்!

செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. மைக்கை உங்கள் பக்கம் அனுப்பிவிட்டு அமர்கிறேன். வணக்கம்.