ஆள் எடை தாங்கும் மூடி

பூனையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அது அதன் பிழைப்பைப் பார்க்கிறது. திறந்து கிடக்கும் தொட்டியில் மீன் நீந்தினால் பூனை சும்மா பார்த்துவிட்டுப் போகுமா என்ன? தப்பு தொட்டியைத் திறந்து போட்டவர்கள் பேரில்தான். தொழிற்சாலையிலும் நான் இதையேதான் சொல்வேன். எந்திரம் கையைக் கடித்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், எந்திரத்தைத் திட்டாதே, அதன் மூடியைக் கழற்றியவன் யார் என்று கேள் என்பேன்.

என் வேலையே அதுதான், ஐயா. பாதுகாப்பு மேற்பார்வையாளர். சுழலும் சக்கரத்துக்குக் கூண்டு, பள்ளத்துக்கு மூடி, படிக்கட்டுக்குக் கைப்பிடி. ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் 'மூடி சார்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். நான் பொறுப்பேற்ற பிறகு அங்கே ஒருவரும் விரல் இழக்கவில்லை.

நீங்கள் மீன்தொட்டி மூடியைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே சொல்கிறேன். உங்கள் ஆட்கள் அதைக் கொஞ்சம் பார்த்துத் தூக்கி வந்திருக்கலாம். ஒரு மூலை வளைந்திருக்கிறது. என் கையில் இருந்தவரை அது வளையவில்லை.

தொட்டி என் மனைவியுடையது. இடுப்பு உயரம், கறுப்புப் பிளாஸ்டிக். வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் அவளே இடம் பார்த்து வைத்தாள். உள்ளே தங்கமீன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர். வயிறு பெருத்த ஒன்றை 'மேற்பார்வை' என்று கூப்பிடுவாள். அது மற்ற மீன்களை நிம்மதியாகத் தின்னவிடாமல் சுற்றிச் சுற்றி வருமாம். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று அவள் அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். அது உண்மை இல்லை.

ஒருநாள் காலையில் இரண்டு மீன்களைக் காணோம். ஈரக் கால்தடம் சுவர் வரைக்கும் போயிருந்தது.

"என்னங்க, ஒரு வலை மட்டும் கட்டிக் குடுங்களேன். நாலு மூலையிலயும் கல்லு வச்சாக்கூடப் போதும்," என்றாள்.

வலையும் கல்லும் எனக்கு ஒத்துவராது. கல் நழுவும், வலை தொய்யும், தொய்ந்த வலையில் மீன் மாட்டும். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும். சதுர இரும்புக் குழாயை அளந்து வெட்டிச் சட்டம் பற்றவைத்தேன். வெட்டிய முனைகளை அரம் போட்டுத் தேய்த்து, ரப்பர் குழாயைக் கீறி விளிம்பெங்கும் மாட்டினேன். துத்தநாகம் பூசிய கம்பிவலை மீனுக்கு ஆகாது என்று கடைக்காரர் சொன்னார். அதனால் பிளாஸ்டிக் உறை போட்ட வலை வாங்கினேன். மேலே பலகை போட்டு அடைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் மீனுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும், வெயிலில் தண்ணீர் கொதித்துவிடவும் கூடாது. பூனையின் கை எட்டாதபடி தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டேன். இரை போடுவதற்குக் கை நுழையும் அளவில் ஒரு சின்னக் கதவு. எடை எதுவும் தொட்டியின் உதட்டில் இறங்கக் கூடாது என்று, சட்டத்துக்குத் தனியாகக் கால் கொடுத்துத் தரையில் ஊன்றினேன்.

கடைசியில் நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். பிறகு எழுந்து நின்று குதித்துப் பார்த்தேன். அவள் பின்வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, வரப்போறது பூனைதானே? யானையையும் சேத்துக் கூப்பிட்டிருக்கீங்களா?"

நீங்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறீர்கள். பூனைக்குப் போட்ட மூடி ஏன் ஓர் ஆளின் எடையைத் தாங்க வேண்டும் என்று. நல்ல கேள்வி. அவள் சிரித்ததோடு விட்டுவிட்டாள், நீங்கள் விடவில்லை.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கல்யாணமான மறு வருஷம் அவளுக்கு வலிப்பு வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. எங்கே எப்போது விழுவாள் என்று தெரியாது. நான் வீட்டையே மாற்றினேன். மேசை மூலைகளுக்கெல்லாம் ரப்பர் வைத்தேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அடுப்புப் பக்கம் அவளை விடவில்லை. நான்தான் சமைத்தேன், துவைத்தேன், அவள் குளிக்கும்போது வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த அறைக்குப் போவதற்குக்கூட "என்னங்க" என்று கூப்பிடுவாள். கண்ணை இமை காப்பது போல என்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் என்னைப் போல ஒரு கணவன் உண்டா என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு ஒரு புது டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அது கேட்டது. வலிப்பு நின்றது. வருஷம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள், மற்றபடி எல்லோரையும் போல இருக்கலாம் என்றார். அந்த வாரமே அவள் கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, என் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துத் தானே குளியலறையில் மாட்டினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சமையலையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கடைசியில் அந்தத் தொட்டி வந்தது. தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றிருந்தவள், தினமும் காலையில் குனிந்து நின்று மீனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

வாரத்துக்கு ஒருமுறை அவளுடைய மாத்திரை டப்பாவை நிரப்புவது மட்டும் என்னிடம் மிஞ்சியது.

பூனை வந்த சமயத்தில்தான் அவளுக்கு வேலையும் கிடைத்தது. ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்ததுதான். துள்ளிக் குதிக்காத குறை. நான் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். மூன்றாவது மாடி. செங்குத்தான படிக்கட்டு, ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. முதலாளியிடம் சொன்னேன். "போட்டுடலாம் சார்" என்று பல்லைக் காட்டினார். போடுகிற ஆளா என்று எனக்குப் பார்த்தவுடனே தெரியும். வீட்டுக்கு வந்து போக வேண்டாம் என்றேன்.

"எனக்கு இப்ப ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஏன் இன்னும் பயப்படுறீங்க?" என்றாள்.

இவளுக்கு ஒன்றும் இல்லை என்றால் நான் எதற்கு?

எங்கள் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு பாதுகாப்பை எடுப்பதற்கு முன்னால் இன்னொன்றை வைத்துவிட வேண்டும். பழைய கூண்டைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தேடுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. வீட்டில் மேசை மூலைகள் சரியாக இருந்தன, தரையில் விரிப்பு இருந்தது. குளியலறைத் தாழ்ப்பாளின் திருகாணிகளைத் தளர்த்திவைத்தேன், வெளியிலிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும். மிச்சம் இருந்த ஒரே ஆபத்து அந்தத் தண்ணீர்தான். அதையும் மூடினேன். ஏறிக் குதித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் மாத்திரையைத் தொட்டேன். நான் அவசரப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது. பார்வைக்கு அதே போல இருந்த சத்து மாத்திரையை டப்பாவில் நிரப்பினேன். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது.

வலிப்பு காலையில் வந்தது, மீனுக்கு இரை போடும்போது. நான் சன்னலருகில் தேநீரோடு நின்றிருந்தேன். அவள் அப்படியே மூடியின்மேல் சரிந்தாள். சட்டம் அசையவில்லை, வலை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. ரப்பர் விளிம்பில் கன்னம் பட்டும் கீறல் இல்லை. ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். நினைவு வந்ததும் அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"எல்லாம் போச்சுங்க. மறுபடியும் வந்துடுச்சு."

"நான் இருக்கேன்ல," என்றேன். எத்தனை காலம் கழித்து அந்த வார்த்தையைச் சொல்கிறேன் என்று நினைத்தபோது எனக்கும் கண் கலங்கியது. சந்தோஷம்தான், ஐயா. மறைத்து என்ன ஆகப்போகிறது?

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். நானும் டப்பாவில் கூட்டி வைத்தேன். அவள் பழையபடி "என்னங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். தாழ்ப்பாளைப் போடாமல் குளித்தாள். அச்சகத்துக்கு நானே தொலைபேசியில் பேசி, அவளால் வர முடியாது என்று சொன்னேன்.

ஆனால் அவள் அக்கா இருக்கிறாளே, அவளுக்கு அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. "விழுந்தா எழுந்துக்கலாம்டி. அதுக்காக வீட்டுக்குள்ளயே கெடப்பியா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் அச்சகத்துக்குப் போய்க் கெஞ்சி வேலையைத் திரும்ப வாங்கியிருக்கிறாள். என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அதை நான் மன்னித்துவிட்டேன்.

முதல் நாள் வேலை முடிந்து எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினாளாம். கைப்பிடி இல்லாத பக்கம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அக்காவின் கையில் அவளுடைய மாத்திரை டப்பா இருந்தது.

"தம்பி, அவ மாத்திரைல நடுவுல கோடு போட்டிருக்குமே. பாதியா உடைச்சு அவளுக்கு நானே குடுத்திருக்கேன். இதுல கோடே இல்லையே," என்றாள். அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

மாத்திரையை மாற்றியது நான்தான். தெரிந்துதான் செய்தேன், வலிப்பு வரட்டும் என்றுதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவளைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. என் வீட்டுக்குள் இருந்தவரை அவள்மேல் ஒரு கீறல் விழுந்ததுண்டா? உன் உடம்பு சரியில்லை என்றேன். அந்தப் படிக்கட்டு ஆகாது என்றேன். வெளியே போகாதே என்றேன். நான் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், நான் சொன்னது சரிதான் என்று ஒருவர் வாயிலிருந்துகூட வரவில்லை.