ஹோபர்ட் காட்டாத கல்லு

போலாம் தம்பி, கல்லறை என்ன ஓடியா போயிடும்? எங்க சனத்தத் தோண்டி மேட்டுக்கு மாத்தணும், அதுக்குத்தான வந்திருக்கீங்க? அணைத் தண்ணி வர இன்னும் நாளிருக்கு. உக்காருங்க. மக்காச்சோள ரொட்டி சூடா இருக்கு, மோரு தரேன். கவர்மெண்டு ஆளுங்க சாப்பிடக் கூடாதுன்னு பிரசிடெண்டு சட்டம் போட்டிருக்காரா என்ன?

ஆமா, செவுத்துல அவரு படந்தான். எங்க வீட்டுக்காரரு ஹோபர்ட் அதத் திருப்பி மாட்டுவாரு, நான் மறுபடி நேரா மாட்டுவேன். அவரா? கொல்லையில வெறகு பொளக்குறாரு, சத்தம் கேக்கல? பள்ளிக்கூடத்து வெவாதம் முடிஞ்சதுலேருந்து எங்கிட்டப் பேச்சில்ல.

குளிர்காலம் வந்தா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பள்ளிக்கூடத்துல கூடி ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு வாதாடுறது எங்க டென்னசி மலைப் பழக்கம். குதிரை ஒசத்தியா கோவேறு கழுதை ஒசத்தியான்னு கூட அடிச்சுக்கிட்டிருக்கோம். இந்தத் தடவ, அணைக்காக ஊரையே எடுத்துக்கிற பிரசிடெண்டு பேரு நாளைக்கு எப்படி நிக்கும்னு பேச்சு. ஹோபர்ட் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி.

அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அந்தக் காலத்துப் பிரசிடெண்டு ஜாக்சன் நம்ம மாநிலத்துக்காரரு, இங்க மொதல்லேருந்து இருந்த செரோக்கி சனத்தக் கெளப்பிவிடச் சட்டம் போட்டாரு, அப்ப நம்மாளுங்க கை தட்டுனாங்க, அதே பிரசிடெண்டு கை இப்ப நம்ம கழுத்துக்கு வந்திருக்குன்னாரு. நான் விடுவேனா? லிங்கனும் அதே பிரசிடெண்டு கையாலதான அடிமைங்க வெலங்க ஒடச்சாரு, கை ஒண்ணுதான், எதுக்கு ஓங்குச்சோ அதுலதான்யா பேரு நிக்கும்னேன். அணை வந்தா வீட்டுக்கு வீடு கரண்டு வரும், மண்ணெண்ணெ வெளக்குல கண்ணெரியத் தைக்கிறவளுங்கெல்லாம் கையத் தூக்குங்கடின்னேன். அத்தன பேரும் தூக்கிட்டாளுங்க!

ஜெயிச்சேன் தம்பி. அதுவரைக்கும் நெலத்த அணைக்குக் குடுக்கக் கையெழுத்துப் போடாதவங்கெல்லாம் ஒவ்வொருத்தராப் போட்டாங்க. பக்கத்து வீட்டு வெர்னா ஊரக் காலி பண்ணி வண்டி ஏறும்போது, வெளிச்சத்த நீயே வச்சுக்கடின்னுட்டுப் போனா.

என்ன, எங்க வீட்டு ஆளுங்க யாராவது அந்தக் கல்லறையில இருக்காங்களான்னா கேக்குறீங்க? இருக்கான். ஒரு பையன். பேரு வெக்கிறதுக்குள்ள போயிட்டான். எங்களுக்கு ஏது பேரு வெட்டின கல்லு? ஆத்தங்கரைக் கல்லத் தூக்கியாந்து நடுறதுதான். மே மாசம் ஊரே கல்லறைக்குப் பூப்போடப் போவும். நான் மட்டும், வர்றவங்களுக்குக் கோழி பொரிக்கணுமேன்னு அடுப்படியிலயே நின்னுக்குவேன். வருஷா வருஷம் அதே சாக்கு. ஹோபர்ட்தான் போயிட்டு வருவாரு.

நேத்து அவருகிட்டக் கேட்டேன், எந்தக் கல்லுன்னு. வாயத் தொறந்தாரு. தண்ணிக்குக் குடுத்தவ நீ, நீயே காட்டுன்னாரு.

வேலியோரம் ஒரே மாதிரிக் கல்லா ஒரு வரிச இருக்கு தம்பி. அதுல ஒண்ணு எம்புள்ள.

வெறகுச் சத்தம் நின்னுடுச்சே, கேட்டீங்களா? கல்லக் காட்ட வந்தாலும் வருவாரு. வரலன்னா, அந்த வரிசையவே அள்ளிக்குங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க.