பன்னிரண்டு அங்குல ஆடியும் கோகிலவாணி அம்மையாரும்

மலைமேல் மாலை வானை எங்கள் மாணவர் கண்ணருகே கொணர்ந்து, இன்று பணிநிறைவு பெறும் மாண்பமை இயற்பியல் ஆசிரியை கோகிலவாணி அம்மையீர், வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பாதியில் எழுந்து போகும் பழக்கம் தங்களுக்கு உண்டு. ஆகவே வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம், பொறுத்தருள்க!

சவ்வாது மலைமேல் உள்ள எங்கள் பள்ளிக்குத் தொலைநோக்கி வாங்கித் தர வாணியம்பாடித் தோல் வணிகர் ஃபுர்கான் முன்வந்தபோது, ஆசிரியர் அறை முழுவதும் ஒரே பேச்சு: வானத்தின் நகர்வை மோட்டாரால் பின்தொடரும், கேமரா பொருத்திய சிறிய கருவி வேண்டும். வண்ணப் படங்கள் வரும், நாளிதழில் பெயர் வரும், கொடுத்தவரும் மகிழ்வார். அம்மையார் ஒருவர்தாம் மறுத்தார்.

"எத்தன மடங்கு பெருசா காட்டுதுன்றது பெரிய விஷயம் இல்லைங்க. கண்ணாடி அகலமா இருந்தாத்தான் வெளிச்சம் நெறைய சேரும். மங்கலானது கண்ணுக்குத் தெரியும்."

அதே விலைக்குப் பன்னிரண்டு அங்குல அகல ஆடி, அதாவது கண்ணாடி, பொருத்திய தொலைநோக்கி கிடைக்கும். ஆனால் மோட்டார் இராது, நெடுநேரம் ஒளி சேர்த்துப் படமெடுக்க முடியாது. இதை ஃபுர்கானிடமும் மறைக்காமல் சொன்னார். அவர் அரைமனத்தோடு தலையசைத்தார்.

திறப்பு விழா மாலை வந்தது. தகரக் கூரை அறையில் பகலெல்லாம் வெந்த கருவியை இருவர் தூக்கி வந்து வைத்தார்கள். ஃபுர்கான் குனிந்து சனிக்கோளைப் பார்த்தார்.

"இன்னாங்க டீச்சர், தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி அலையுதே?"

சிறிது நேரம் காத்திருக்கும்படி அம்மையார் கேட்டும் அவர் நிற்கவில்லை, கார் ஏறிவிட்டார். தேர்ந்தது தவறோ என்று வீடு சேரும்வரை அம்மையாரின் மனம் அடித்துக்கொண்டது.

இரண்டு நாளில் காரணம் பிடிபட்டது. சூடான ஆடி ஆறும்வரை அதன்முன் காற்று நெளிகிறது. போதாக்குறைக்கு, மலைப்பாதையின் குலுக்கலில் ஆடிகள் நேர்கோடு தவறியிருந்தன. கருவியை வெளிக்காற்றின் குளிர்ச்சியிலேயே வைக்கப் பள்ளிக்குப் பின்னால் ஒரு கொட்டகை போடச் செய்தார். ஆடியின் பின்னே சிறு மின்விசிறி வைத்தார். ஒவ்வொரு முறையும் திருகுகளைத் தாமே திருப்பி நேராக்கினார்.

இதற்கிடையே ஆண்டு மலர் அச்சுக்குப் போகும் நேரம். ஆய்வகக் கட்டடம் ஒன்றும் தருவதாக ஃபுர்கான் சொல்லியிருந்ததால், எங்கள் தலைமையாசிரியர் தீர்த்தகிரி (ஐயா மன்னிக்க!) தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், நெட்ல இருந்து நல்ல கலர் படம் ஒண்ணு எடுத்துப் போட்டுடலாமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் சார். நம்ம கண்ணாடில புடிக்காத படத்துக்கு அடியில நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு வேணாம்."

கட்டடம் கைநழுவலாம் என்று அஞ்சாதவரல்லர். அஞ்சியும் அசையவில்லை. நொடிப்பொழுதுப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள ஒளிமுகிலை (நெபுலாவை) ஒரு சாம்பல் புகைபோலப் பிடித்தார். மலரில் அதுவே வந்தது.

தை மாதத்தில் ஃபுர்கானைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் மனைவி கனீஸ் ஃபாத்திமாவுடன் வந்தார். இருட்டிய சற்று நேரத்தில் ஃபுர்கான் அதே ஒளிமுகிலை நெடுநேரம் பார்த்தார்.

"கலரு இல்லியே டீச்சர்?"

"இவ்ளோ மங்கலான வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குக் கலர் சரியா தெரியாதுங்க. ஆனா நீங்க பாக்குறது படம் இல்லைங்க. அங்கருந்து கெளம்புன வெளிச்சமே உங்க கண்ணுல வந்து விழுது."

அவர் கண்ணை எடுக்கவில்லை. கனீஸ் ஃபாத்திமா பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நவுருங்க, நானும் பாக்கணும்," என்று அவரை ஓரமாய்த் தள்ளினார். பிறகு, "மலை எறங்கணும், வா, வூட்டுக்குப் போலாம்," என்று கணவர் கூப்பிடக் கூப்பிட, "நீங்க போயி கார்ல ஒக்காருங்க. நான் வர்றேன்," என்றாரே தவிர, நகரவில்லை.

ஆய்வகக் கட்டடம் இன்னும் வரவில்லை. அவர்கள் இருவரும் ஆண்டுதோறும் தை மாதம் வருகிறார்கள். மாணவர் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

அம்மையீர்! இனி மணியடித்து எழுப்பாத காலைகளும், மேகம் மறைக்காத மாலைகளும், குறையாத பார்வையும், நிறைந்த நலமும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! வரும் தையில் நாங்கள் வரிசையில் நிற்போம். எங்களுக்கு முன்னால் நிற்கத் தாங்கள் வரவேண்டும்!

தங்கள் அன்பு மறவாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
சவ்வாது மலை