நான்காம் எண் அளவைக் கல் நின்ற இடம் குறித்து

2023ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 10.20 மணிக்குப் படகுத்துறைக் காவல் நிலையத்தில் விசாரணை அதிகாரி முன்பாக நான் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளன. தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்ததைச் சுட்டிக்காட்டித் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். வயது எழுபத்து நான்கு என்று எழுதப்பட்டிருந்தது. நான் பிறந்தது 1949 ஆகஸ்ட் 3 ஆகையால் எழுபத்து மூன்று என்பதே சரி. தீவின் தெற்குத் தெருவில், பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில், மனைவியுடன் வசிக்கிறேன். நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து 2007 ஆகஸ்ட் 31 அன்று ஓய்வு பெற்றேன்.

எங்கள் தீவு கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் ஒரு மணல் திட்டு. அகலம் அதிகமான இடத்திலும் அரைக் கிலோமீட்டர் தேறாது. கடற்கரைப் பக்கம் கரையோரப் பாதுகாப்பு அலுவலகம் ஆறு கற்களை நட்டு, ஒவ்வொரு கல்லிலிருந்தும் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மாதந்தோறும் அளந்து தரும்படி என்னைக் கேட்டுக்கொண்டது. கடைசி ஏற்றத்தில் அலை கொண்டுவந்து போட்ட பாசி காய்ந்து ஒரு கோடாகக் கிடக்கும். கல்லிலிருந்து அந்தப் பாசிக்கோடு வரை அளக்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து 15 மீட்டருக்குக் குறைந்தால் அந்தக் கல்லுக்குப் பின்னால் உள்ள வீடுகள் இடமாற்றப் பட்டியலில் சேர்ந்து, அவர்களுக்குக் காயல் பக்கம் வீடு கிடைக்கும். 2012 ஜனவரி 1 முதல் இந்த ஜனவரி 1 வரை நூற்று முப்பத்து மூன்று முறை அளந்திருக்கிறேன். ஒரு மாதமும் விடுபடவில்லை.

நாடாவின் மறுமுனையைப் பிடிப்பவர் என் மனைவியின் தம்பி. வயது அறுபத்தொன்று, முன்னாள் படகு மெக்கானிக். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் ஊரில் அவரை நங்கூரம் என்பார்கள். இவர்தான் தற்சமயம் இந்த நிலையத்தின் உள்ளறையில் வைக்கப்பட்டிருக்கிறார்.

நான்காம் கல்லுக்கு நேர் பின்னால் தையற்காரம்மாவின் வீடும், அதன் வரிசையில் வேறு மூன்று வீடுகளும் உள்ளன. தையற்காரம்மா கணவரை இழந்தவர், தனியாக இருப்பவர். கல் எப்போதாவது விழுந்தால் அதே இடத்தில் திரும்ப நடுவதற்காக, வேலை தொடங்கிய முதல் நாளே என் நோட்டின் முதல் பக்கத்தில் 'கல் 4: தையற்காரம்மா வீட்டுக் கடல்பக்கச் சுவரின் தென்மூலையிலிருந்து நேர் கிழக்கே 6.60 மீட்டர்' என்று எழுதி வைத்தேன். இது எங்கள் துறையின் பழைய வழக்கம்.

2022 ஜூலை 1 அன்று நான்காம் கல்லின் அளவு 15.85. அதன் பிறகு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை, நங்கூரத்தைக் கண்புரை அறுவைக்காக அக்கரை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிச்சென்று சேர்த்துவிட்டு மறுநாள் திரும்பினேன். அதன் பிறகு ஜூலை 29, வெள்ளிக்கிழமை, அமாவாசைக்கு மறுநாள், கடல் ஏறி வந்து நான்காம் கல்லைப் பிடுங்கி வேலியோரம் போட்டது. குழி இருந்த இடமே தெரியாதபடி மணல் மூடிவிட்டது. அதன் பிறகு ஆகஸ்ட் 1, திங்கட்கிழமை, நான் தனியாக அளக்கப் போனேன். தையற்காரம்மா தம் வீட்டுக் கடப்பாரையைக் கொடுத்து, நாடாவின் முனையையும் பிடித்துக்கொண்டார்.

"அளவெடுக்கிறதுல நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. எனக்குத் துணி சுருங்குது, உங்களுக்குத் தரை சுருங்குது" என்று சிரித்தார்.

நோட்டில் உள்ளபடி 6.60 அளந்து கல்லை நட்டேன். சந்தேகம் வேண்டாம் என்று இரண்டாம் முறையும் அளந்து பார்த்தேன். அதன் பிறகு பாசிக்கோட்டை அளந்ததில் 17.30 வந்தது. கடல் ஏறி மூன்றே நாள் ஆன நிலையில் தூரம் கூடியிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஏறிய கடல் சில சமயம் மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டாகையால், 'மணல் சேர்ந்துள்ளது' என்று குறிப்பு எழுதினேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் 5 அன்று நங்கூரம் ஊர் திரும்பினார். செப்டம்பர் 1 அன்று கறுப்புக் கண்ணாடியுடன் அளக்க வந்தவர் நான்காம் கல்லருகே வெகுநேரம் நின்றார்.

"அத்தான், கல்லு நடந்து வந்த மாதிரி இருக்கே" என்றார்.

"கண்ண அறுத்துட்டு வந்தவன் பேசுற பேச்சா இது? நாடாவப் பிடிடா" என்றேன்.

அவர் பிடித்தார். அன்று 16.95. அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்டோபரில் 16.50, நவம்பரில் 16.10, டிசம்பரில் 15.75, ஜனவரியில் 15.40.

அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, தையற்காரம்மா என் வீட்டுக்கு வந்து, இரவில் அலைச்சத்தம் தலைமாட்டில் கேட்பதாகவும் தம்மைப் பட்டியலில் சேர்க்கும்படியும் கேட்டார். அளவு பதினைந்துக்குக் கீழே வரவில்லை என்று சொன்னேன். டிசம்பர் 4 அன்று மறுபடியும் வந்தார். "ஒரு முழம் முன்னப்பின்ன எழுதினா உங்க பேனா தேஞ்சா போயிடும்?" என்றார். இருப்பதைத்தான் எழுத முடியும் என்று பதில் சொன்னேன். என் மனைவி அவருக்குத் தேநீர் கொண்டுவந்தார். அவர் குடிக்கவில்லை.

அதன் பிறகு 2023 ஜனவரி 7, சனிக்கிழமை, அதிகாலை 5.40 மணிக்குக் கடல் ஏறியதில் தையற்காரம்மா வீட்டுக் கடல்பக்கச் சுவர் விழுந்தது. உத்தரம் சரிந்து அவருடைய இடது தொடை எலும்பு முறிந்தது. தையல் இயந்திரம் மூன்றாம் வீட்டு வாசலில் கிடந்தது. அதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு ஜனவரி 12 அன்று கரையோர அலுவலகத்தின் இளம் பொறியாளர் செயற்கைக்கோள் கருவியுடன் வந்து ஆறு கற்களையும் சரிபார்த்தார். மற்ற ஐந்தும் சரி என்றும், நான்காம் கல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 4.20 மீட்டர் வீட்டுப் பக்கம் தள்ளி நிற்பதாகவும் சொன்னார்.

"உங்க கருவிக்கு வயசு ரெண்டு இருக்குமாம்மா? எனக்கு எழுபத்து மூணு" என்றேன்.

"ஐயா, நான் உங்களச் சொல்லல. யாரோ நகர்த்தியிருக்காங்க. அதனாலதான் நாலு மீட்டர் கூடக் காட்டியிருக்கு" என்றார்.

நான் நட்ட கல் சரியாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகையால் நட்ட பிறகு எவரோ நகர்த்தியிருக்க வேண்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஜனவரி 13 அன்று அலுவலகம் அடையாளம் தெரியாத நபர் பேரில் புகார் கொடுத்தது. அந்தப் புகாரில் சாட்சியாக நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஜனவரி 16, திங்கட்கிழமை, எவரும் கூப்பிடாமலே நங்கூரம் இந்த நிலையத்துக்கு வந்து, கல்லில் கால் இடித்துக்கொண்ட ஆத்திரத்தில் 2022 ஆகஸ்ட் 3 அன்று தாமே அதைப் பெயர்த்துத் தள்ளி நட்டதாக எழுதிக் கொடுத்தார். இது எனக்கு விளங்கவில்லை. நாற்காலியை நகர்த்துவதற்கே மற்றவரைக் கூப்பிடும் மனிதர் அவர். அன்று முதல் என் மனைவி என்னுடன் பேசுவதில்லை. பேசியது ஒரே ஒரு முறை. "என் தம்பி உள்ள உக்காந்திருக்கான். உங்களுக்குச் சோறு இறங்குதா?" என்றார். எனக்கும் இறங்கவில்லை.

ஜனவரி 17 அன்று நோட்டுடன் இங்கு வந்து, ஆகஸ்ட் 3 அன்று அவர் அக்கரையில் கண்கட்டுடன் படுத்திருந்தார் என்று சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். தேதியை மாற்றிச் சொல்லியிருக்கலாம் அல்லவா என்று அதிகாரி கேட்டார். அதற்கும் இடமில்லை என்று காட்டினேன். ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு எந்த நாளில் கல் நகர்ந்திருந்தாலும், அடுத்த மாத அளவு திடீரென நான்கு மீட்டர் கூடியிருக்க வேண்டும். என் நோட்டில் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாகக் குறைந்துதான் வந்திருக்கிறது. எங்கும் தாண்டல் இல்லை.

"அப்ப எப்பதான் சார் நகர்ந்துச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

தாண்டல் இருந்த இடம் ஒன்றே ஒன்று. ஜூலை முதல் தேதிக்கும் ஆகஸ்ட் முதல் தேதிக்கும் நடுவே அது இருந்தது. அதற்கு நானே 'மணல் சேர்ந்துள்ளது' என்று எழுதியிருந்தேன். படகுத்துறையிலிருந்து வீடு வரை நடந்து போகையில் இரண்டு முறை தெரு மாறிப் போய்விட்டேன். அறுபது ஆண்டுகளாக நடக்கும் தெருக்கள் அவை.

அதன் பிறகு நேற்று, ஜனவரி 18, காலைப் படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையற்காரம்மாவைப் பார்த்தேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கல் நட்ட அன்று நாடாவை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன எடத்துலதான். கடல்பக்கச் சுவரு, தென்மூலை."

"சரியா மூலையிலயா?"

"தையக்காரிங்க நான். அரை விரக்கடை பிசகாது" என்றவர், "ஆனா அது முன்ன இருந்த சுவரு இல்லியே. முன்னறை விரிசல் விட்டுச்சுன்னு மே மாசமே இடிச்சு எடுத்தாச்சே. அதுக்குப் பின்னால இருந்த நடுச்சுவருதான அப்போ கடலப் பாத்து நின்னுச்சு?" என்றார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அளக்கிறவரு. நான் நாடா பிடிக்கிறவ. உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்னு இருந்துட்டேன்" என்றார். அதன் பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாங்கிச் சென்ற ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். 2022 மே 18, புதன்கிழமைப் பக்கத்தில், 'தையற்காரம்மா வீட்டு முன்னறை, கிழக்கு மேற்கு நீளம் 4.20, இடித்து அகற்றப்பட்டது' என்று இருக்கிறது. எழுத்து என்னுடையது. நானே நேரில் நின்று அளந்து எழுதியது.

இது தெரிந்தே செய்ததா, தெரியாமல் செய்ததா என்று அதிகாரி இப்போது கேட்கிறார். முன்னறை இடிந்தது எனக்கு மே மாதம் தெரியும். இன்றும் தெரியும். ஆகஸ்ட் 1 அன்று தெரிந்ததா என்பதை எவ்வளவு யோசித்தும் சொல்ல இயலவில்லை. அன்று நான் வீட்டைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தேன். நோட்டில் கடல்பக்கச் சுவர் என்று இருந்தது. வீட்டுக்கு ஒரு கடல்பக்கச் சுவர் இருந்தது. தென்மூலை என்று இருந்தது. அதற்கு ஒரு தென்மூலையும் இருந்தது. 6.60 சரியாகவே அளக்கப்பட்டது. அதன் பிறகு எழுதிய ஆறு அளவுகளும் தனித்தனியே சரியானவை. எழுதியதில் ஒன்றுகூடப் பிழையில்லாதபோது ஒரு வீடு எப்படி விழுந்தது என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நான்காம் கல்லை 4.20 மீட்டர் நகர்த்தி நட்டவன் நான்தான் என்பது பிடிபட்டுவிட்டது. நங்கூரம் அதைத் தொடவில்லை.

இவ்வளவும் எழுதிய பின் அதிகாரி நங்கூரத்தை உள்ளறையிலிருந்து அழைத்துவரச் செய்து, ஏன் பொய் சொன்னார் என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"செப்டம்பர்லயே பாத்தேன். சொன்னேன். திட்டினீங்க. சரி, அத்தானுக்குத் தெரியாததான்னு விட்டேன். வீடு விழுந்தப்புறம் எப்படிச் சொல்றது? உங்களப் போலீஸ் கேக்குறதவிட என்னக் கேக்கட்டும்னு பாத்தேன். ஒரே ஒரு தேதி தப்பாயிடுச்சு, அதைப் போய் நீங்களே புடிப்பீங்களா?" என்றார்.

"ஆகஸ்ட் அஞ்சுக்கு முன்னால நீ ஊர்லயே இல்லடா" என்றேன்.

"அதான் சொல்றேன்" என்றார்.

இது வாக்குமூலத்தில் சேர வேண்டியதில்லை என்று அதிகாரி சொன்னார். சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

ஆகையால் நங்கூரத்தின் ஒப்புதலை ரத்து செய்து அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும், கல்லை நகர்த்திய பொறுப்பை என் பேரில் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2022 ஆகஸ்ட் முதல் நான்காம் கல்லுக்கு நான் எழுதிய ஆறு அளவுகளிலும் 4.20 கழிக்கப்பட வேண்டும். கழித்தால் ஆகஸ்டில் 13.10, செப்டம்பரில் 12.75, இந்த ஜனவரியில் 11.20. அதாவது அந்த நான்கு வீடுகளும் செப்டம்பர் 1ஆம் தேதியே பட்டியலில் வந்திருக்க வேண்டும். தையற்காரம்மாவுக்கு வர வேண்டிய வீட்டு உத்தரவை ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்ற மூன்று வீடுகளிலும் இன்று காலைவரை ஆட்கள் இருக்கிறார்கள், பதினொரு பேர். நாளை மறுநாள் 21ஆம் தேதி சனிக்கிழமை அமாவாசை, கடல் மறுபடியும் ஏறும். இந்தத் தாளின் நகலைக் கரையோர அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பாமல் இன்று பிற்பகல் இரண்டு மணிப் படகில் ஆள் மூலம் அனுப்ப வேண்டும். ஆள் இல்லையென்றால் நானே கொண்டுபோகிறேன். என்னைக் காவலில் வைப்பதானால் படகு திரும்பிய பிறகு வைக்கலாம்.

மேலே கண்டவற்றை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு தேதிகளில் கிழமை தவறாக இருந்ததைத் திருத்தச் செய்தேன். நான் அறிந்தவரை இதில் உள்ள எதுவும் பொய்யல்ல. என்னை எவரும் மிரட்டவோ வற்புறுத்தவோ இல்லை.

(கையொப்பம்)
பிற்பகல் 1.05 மணி