ஐஸ் கம்பெனிக்காரரும் மந்திரி பதவியும்

இத எழுதவே வேணாம்னு சோம்பலா படுத்திருந்தேன். நேத்து காரைக்கால்ல டாக்டர பாக்கக் காத்திருந்தப்ப, பக்கத்துல அந்த ஊரு ஐஸ் கம்பெனி முதலாளியும் அவரு சம்சாரமும் உக்காந்திருந்தாங்க.

"எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சா மந்திரியாவே ஆக்குறோம்ங்கறாங்க கட்சிக்காரங்க. முப்பது வருஷமா கம்பெனி நடத்துறேன், மந்திரி வேல பாக்கத் தெரியாதா எனக்கு?"

"கம்பெனில உங்கள யாரு எதுத்துப் பேசுனா? பாண்டிச்சேரி சட்டசபையில கண்டபடி திட்டுவாங்க. நீங்க வச்ச மீன் கொழம்பு புளிக்குதுன்னேன், ரெண்டு நாளு எங்கிட்ட பேசல நீங்க."

"அப்ப நீயே தெனம் திட்டு, பழகிக்கிறேன்."

அந்தம்மா தொண்டைய செருமிக்கிட்டு, "யோவ் மந்திரி, திருட்டுப்பயலே!"ன்னாங்க. அவரு மூஞ்சி அப்புடியே வாடிப்போச்சு. ஒடனே அவரு கையப் புடிச்சுக்கிட்டாங்க. "பாத்தீங்களா, நான் சொன்னதுக்கே!"

கூட்டாளிகிட்ட சொன்னேன்.

"அவருக்கு ஓட்டு போட மாட்டேன்டா, பாவம், நல்ல மனுஷன்"ங்கறான்.