தகரத்தைக் கிழித்த ஸ்பிரிங்

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் வாய் திறந்த ஓர் உரச்சாக்கு. அதற்குள் ஒரு பழைய கார் ஸ்பிரிங்கும், அதைவிடக் குட்டையான புது ஸ்பிரிங்கும்.

“கூரைத் தகரத்தைக் கிழிச்ச சாமானை மடியில வச்சுக் கொஞ்சுறீங்களே!” என்றார் அந்த அம்மா.

“காரோட உயரத்தைக் கொஞ்சம் தணிச்சா பார்க்க அழகா இருக்கும்னுதான்…”

“நம்ம தோட்டத்து ரோட்டுல சும்மாவே காரோட அடி தட்டுது. இன்னும் தணிக்கணுமா?”

“வீடியோவுல லேசாத்தான் கழட்டுனாங்க.”

“அவங்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க கிளாம்பு போட்டாங்க. நானும்தான் பார்த்தேன். நீங்க வெறும் ஸ்பானரோட உக்காந்தீங்க, கழட்டினதும் அது கூரைக்குப் பறந்துச்சு.”

“இப்ப என்ன ஆயிருச்சு? தகரம்தானே போச்சு?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கந்தப்பளையைத் தாண்டியதும் கணவர் பக்கம் திரும்பினார்.

“டீ ஆறுதுன்னு நான் கத்தினதால தலையைத் திருப்பினீங்க. இல்லாட்டி அது உங்க மூஞ்சிலதான் பட்டிருக்கும்.”

அவர் சாக்கை மெல்லக் கீழே இறக்கி வைத்தார்.

“பழசையே போட்டுருவோம்.”

“யாரு போடுறது?”

“கராஜ்ல இருந்து ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவோம்.”

“நீங்க கிட்ட நிக்கக்கூடாது.”

“தள்ளியே நிக்கிறேன்.”