நன்றிப் பக்கம் வராத ஆர்டர்

தொலைபேசியில் பேச எனக்கு வராது. மணி அடித்தால் வேறு யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று காத்திருப்பேன். நேரிலும் அப்படித்தான். அதனால்தான் மேடம், விசாரணையில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலைகுனிந்து இருந்துவிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன். காகிதம் கொடுத்து, மின்விசிறியையும் போட்டுவிட்டுப் போனீர்கள். நன்றி.

நான் படித்தது உயிர்வேதியியல். நிரல் எழுதுவது நானாகக் கற்றுக்கொண்டது. வேலை பார்த்த இடம் ஒரு கிடங்கின் மாடி. கீழே அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற கடைகளில் கிடைக்காத மருத்துவ உணவுகளை இணையத்தில் விற்கிறோம். மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்களுக்கானவை, பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, இப்படி.

அலுவலகத்தில் எனக்கு மியூட் என்று பெயர். டீம் லீடர் வைத்தது. அதற்காக எனக்குக் கோபம் இருந்ததில்லை.

முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் வங்கியில் பணம் போட்டுவிட்டு அழைப்பார்கள். அழைப்புகளைக் கவனிக்கும் அக்கா வங்கிக் கணக்கைப் பார்த்துச் சரி என்றதும் பெட்டி கிளம்பும். கடை வளர்ந்ததும் முதலாளி ஒரு ஆயத்த இணையக் கடை மென்பொருளுக்கு மாறினார். வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து பணத்தை வாங்கிக் கடைக்குத் தரும் பேமென்ட் கேட்வேயை அதில் இணைப்பது என் வேலையாயிற்று.

வாடிக்கையாளர் எங்கள் கடையிலிருந்து கேட்வேயின் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டுவார். பிறகு, ஆர்டர் கிடைத்தது என்று சொல்லும் எங்கள் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பி வருவார். அவர் திரும்பி வந்ததை வைத்தே பணம் வந்துவிட்டது என்று கடை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வழியில் இணைப்பு அறுந்தாலோ பக்கம் மூடிக்கொண்டாலோ அவர் வந்து சேரமாட்டார். அதனால் இன்னொரு வழி உண்டு. கேட்வேயின் சர்வரே நேராக எங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவலை வாங்கி, உண்மையானதுதானா என்று சரிபார்த்து, ஆர்டரை நகர்த்தும் பகுதியையும் எழுதியிருந்தேன். சின்னப் பகுதிதான். நான் எழுதியவற்றில் அதுதான் எனக்குப் பிடித்தது.

வேலையைச் சரிபார்க்கும் கூட்டத்தில் டீம் லீடர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது எதுக்கு?"

"சார், ஆளு திரும்பி வரலைன்னா..."

"காசு கட்டினவன் ஏன்மா திரும்பி வராம ஓடப்போறான்? கட்டாதவன்தான் ஓடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்ல சார், போன்ல பேங்க் ஆப்புக்குப் போயிட்டு வரும்போது..."

"மியூட், உனக்கு வால்யூம் பட்டன் எங்க இருக்கு? ஒண்ணும் காதுல விழல."

பேசிக்கொண்டே அந்தப் பகுதியை அழித்துவிட்டார். முதலாளியும் சிரித்தார். கண்ணில் நீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

கடை புதிய முறையில் ஓடத் தொடங்கியது. நன்றிப் பக்கத்துக்கு வராதவர்களின் ஆர்டர்கள் நின்றுபோயின. குறிப்பிட்ட நேரத்துக்குள் பணம் வந்ததாகத் தெரியாவிட்டால் மென்பொருள் ஆர்டரைத் தானே ரத்து செய்துவிடும், கேட்வே பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. பலருக்கு எப்போதாவது ஒருமுறைதான் இப்படி ஆகும். மறுபடி முயன்றால் சரியாகிவிடும்.

ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஆனது. அவர் ஒரு கைக்குழந்தையின் தாய். பழைய போன். வங்கி ஆப்பைத் திறந்ததும் கடையின் பக்கம் மூடிக்கொண்டுவிடும். தவறை நிரூபிக்க, தவறாமல் தவறுகிற ஒரு மாதிரி வேண்டும். ஆய்வகத்தில் அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம்.

இணைப்பில் குறை இருக்கிறது, கூட்டத்தில் செய்துகாட்டுகிறேன் என்று முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வெளியூரில் இருந்தார். வந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவரை மாதிரியைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தாய் அக்காவை அழைத்தார். அக்கா வேலை பார்த்துக்கொண்டே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போடுவார். அடுத்த மேசை என்னுடையது.

"அக்கா, மறுபடியும் காசு திரும்பி வந்துடுச்சு. நான் கட்டக் கட்ட அது திருப்பித் தருது. உன் காசை அவங்களுக்கே பிடிக்கலைபோலன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு."

"காசைப் பிடிக்காத கடை எங்கம்மா இருக்கு? இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

போட்டார். அதுவும் நின்றது. அடுத்த முறை அழைத்தபோது அவர் சிரிக்கவில்லை.

"டப்பாவைச் சுரண்டிக் கொடுத்துட்டேன். ஆஸ்பத்திரியில கேட்டா, அவங்களுக்கும் நீங்கதான் அனுப்பணுமாம், அங்கயும் தீர்ந்துபோச்சாம். மாட்டுப் பாலைத் தண்ணியா கலந்து குடுக்கலாமா அக்கா? பசியில கத்தறான். அவன் மூத்திரத்துல கருகின சர்க்கரை மாதிரி வாசனை வருது. தொட்டில் துணி பூரா அதே வாசனை."

அந்த வாசனை என்னவென்று எனக்குத் தெரியும். புரதத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்களைச் சிதைக்க முடியாத உடம்பு அது. அவை நீக்கப்பட்ட பால்மாவு மட்டும்தான் கொடுக்கலாம். சாதாரணப் பால் கொடுத்தால் அவை ரத்தத்தில் சேரும், பிறகு மூளை வீங்கும். பசியில் உடம்பு தன் தசையையே கரைத்தாலும் அதேதான் நடக்கும். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பணம் வந்துச்சுன்னு நானே மாத்தி விட்டுடட்டுமா? ஒரு பட்டன்தானே?"

"வேண்டாம் அக்கா. கையால மாத்தினா கணக்கு இடிக்கும். முதலாளி வந்ததும் மொத்தமா சரிபண்ணிடலாம். இந்த மாதிரி கேஸ்ல கொஞ்சம் தாமதமானா ஒண்ணும் ஆகாது."

அக்கா என்னையே பார்த்தார். "அடேயப்பா, நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. இன்னைக்கு மழைதான்." பிறகு போனில் சொன்னார்: "எங்க டெக்னிக்கல் பொண்ணே சொல்லிட்டா. அது அந்தப் படிப்பே படிச்ச பொண்ணு. பயப்படாதீங்க."

குறைவாகப் பேசுகிறவர்கள் பேசினால் நம்பிவிடுகிறார்கள். அது எனக்குப் புதிதாக இருந்தது.

முதலாளி வந்ததும் கூட்டம் நடந்தது. சுவரில் அந்த ஆர்டரைப் போட்டுக் காட்டினேன். பணம் கட்டியது, கேட்வே சொன்னது, எங்கள் கடைக்குக் கேட்காமல் போனது. ஒவ்வொரு முயற்சியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. குரல் நடுங்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"நீ அன்னைக்கே சொன்னேல்ல? நீ சொன்னதுதான்மா சரி" என்றார் முதலாளி. பிறகு, "இந்த அம்மாவுக்குப் பெட்டி போயிடுச்சுல்ல?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து போய் அழைத்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கீழே கிடங்குக்கு இறங்கிப் போய்விட்டார்.

டீம் லீடர் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் அதைத் திரும்பப் போட்டேனே" என்றார். மெல்லிய குரல். என் குரல் மாதிரி இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை வரிசை மாற்றி எழுதிவிட்டேன், மேடம். அவர் சொன்னது உண்மை. முதல் சில புகார்கள் வந்தபோதே அவர் தன் தவறைப் புரிந்துகொண்டு, அழித்த பகுதியை மீட்டு வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் காலையில் வந்து பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாயின் அடுத்த ஆர்டர் தானாகவே போயிருக்கும். முதலாளி திரும்பி வந்தால் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. அன்று எல்லோரும் சிரித்தது மட்டும் மிச்சமிருக்கும்.

நான் அந்தப் பகுதியை மறுபடி நீக்கிவிட்டேன். கூட்டம் முடியும்வரை மட்டும். முடிந்ததும் திரும்பப் போடுவதாகத்தான் இருந்தேன், போட்டும்விட்டேன். சர்வரில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருப்பேன்.

குழந்தை இறக்கும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வாசனையைக் கேட்டபோதே தெரியும்.

நீங்கள் தயாரிக்கும் அறிக்கையில் பொதுவாக 'நிரலில் இருந்த பிழையால்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதை மட்டும் திருத்த வேண்டும். நான் எழுதிய பகுதியில் பிழை எதுவும் இல்லை.